அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது?

தூரிகைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெரிய ஓவியம் வரைந்தான். இரண்டடி உயரம், மூன்றடி அகலம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். துருப்பிடித்த தகரம் மாதிரி வானம். வெடித்துப்போன தரை. இடது பக்கம் செத்த மிருகத்தின் விலா எலும்பு மாதிரி ஏதோ இடிந்து நிற்கிறது. வலது பக்கம் கரிந்த மரக்கட்டைகள். நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு மனிதன், சிலுவை சுமப்பதுபோல் தோளில் ஒரு கட்டை. புல், பூ, பறவை எதுவும் இல்லை. என்னடா இது என்று கேட்டால் "சும்மா வரைஞ்சேன்மா" என்கிறான். தலைப்பும் வைக்கவில்லை. என் கணவர், கணினி விளையாட்டு ஆடி ஆடிப் பையனின் மனம் கெட்டுவிட்டது என்கிறார். மூத்த மச்சாண்டார் வந்து பார்த்துவிட்டு, இதை வீட்டில் மாட்டினால் தரித்திரம் என்றார். எங்களோடு இருக்கும் என் அப்பா மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான், சாயங்காலம் பூப்பந்து ஆடப் போகிறான். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஓவியத்துக்கு என்ன அர்த்தம்?
ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரிக்கு. நீங்கள் அனுப்பிய படத்தை இங்கே ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சுக் கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்து, மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறேன். இந்த மாதிரி ஓவியத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த வானம் எவ்வளவு பெரியது, அந்த மனிதன் எவ்வளவு சின்னவன் என்பதில்தான் இதன் பாதி உயிர் இருக்கிறது.

முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். காய்ச்சல் பார்க்கும் கருவியை வாயில் வைப்பதுபோல் ஓவியத்தை வைத்து மனதின் சூட்டை அளக்க முடியாது. இருண்ட படம் வரைகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத் தூங்கி எழுகிறவர்கள். பூவும் வானவில்லும் வரைந்துகொண்டே உள்ளுக்குள் உடைந்துபோன பிள்ளைகளையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். கவனிக்க வேண்டியது அவன் தூக்கத்தை, சாப்பாட்டை, நண்பர்களை, முன்பு பிடித்த காரியம் இப்போதும் பிடிக்கிறதா என்பதை. வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு சொல் அவன் வாயில் வந்தால், ஓவியத்தை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார், மனத்துயரில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும், எந்த நேரமும் தொலைபேசியில் பேசக்கூடிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் வருகிற பையனோ மட்டையை எடுத்துக்கொண்டு பூப்பந்து ஆட ஓடுகிறான். எனக்கு அது தெம்பாக இருக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், மூன்றாம் படிவத்து மாணவி ஒருத்தி ஒரு கிணற்றை வரைந்து வந்தாள். தாள் முழுக்கக் கறுப்பு, நடுவில் காசு அளவுக்கு வெளிச்சம். "ஏன் இப்படி? ஒரு சூரியன் போடு, பக்கத்தில் இரண்டு செடி வை" என்றேன். சொன்னபடி செய்துகொண்டு வந்தாள். படம் செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் என் வகுப்பில் மனதார எதையும் வரையவில்லை. கிணற்றுக்குள் இருந்து மேலே பார்க்கிற கண்ணை அவள் வரைந்திருந்தாள் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது. உங்கள் வீட்டில் யாரும் தம்பியிடம் "ஒரு பறவையாவது போடேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது படத்துக்கு வருகிறேன். அர்த்தம் தேடும் முன் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம்.

அந்த வானம் வேறு கிரகத்து வானம் என்று உங்கள் கணவர் நினைத்திருப்பார். எனக்கு அது நம் வானமாகத்தான் தெரிகிறது. சுமத்ராவில் கரிமண் காடு எரிந்து புகைமூட்டம் நம் பக்கம் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். புகைத்துகள் நீல ஒளியைச் சிதறடித்துவிடும், மிஞ்சி வருவது செம்மஞ்சள். 1997-இல் நான் வெல்ட் கீ படித்துறையில் நின்று பார்க்கிறேன், எதிரே பட்டர்வொர்த் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஃபெரி தண்ணீரில் போகிறதா புகையில் போகிறதா தெரியவில்லை. சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது, குங்குமப் பொட்டு மாதிரி. 2015-லும் 2019-லும் புகையால் நாட்டில் பள்ளிகளை மூடினார்களே, அப்போது உங்கள் மகன் ஆரம்பப் பள்ளிச் சிறுவன். முகக்கவசம் மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த நிறத்தைக் கற்பனையில் தேட வேண்டிய அவசியம் என்ன?

அடுத்து தூரம். ஃபெரியில் வரும்போது வடக்கே குனோங் ஜெராய் எப்படித் தெரியும்? 1,217 மீட்டர் உயரமுள்ள மலை, ஆனால் வெளுத்த நீலமாக, ஓரமெல்லாம் கரைந்து தெரியும். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் செய்கிற வேலை அது. தொலைவில் உள்ளதை நீலமாக்கு, மங்கலாக்கு என்று ஓவிய வகுப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்போம். தம்பியின் படத்தில் அடிவானத்துக் கற்கள்கூடப் பக்கத்துக் கற்கள் போலக் கத்தி விளிம்போடு நிற்கின்றன. அவசரப்படும் ஆசிரியர் பிழை என்று வட்டம் போட்டிருப்பார். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் நாள்தான் பிடிபட்டது: அங்கே காற்று இல்லை. நிலவில் அப்படித்தான் இருக்கும். 1971-இல் அப்பல்லோ 14-இல் போன இருவர் கோன் என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறி நடந்தார்கள். காற்றில்லாத இடத்தில் எது பக்கம், எது தூரம் என்று கண்ணால் மதிப்பிட முடியவில்லை. விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் வரை போய்விட்டு, அது தெரியாமலே திரும்பினார்கள். தம்பியின் படத்தைப் பார்த்ததும் உங்களுக்கு மூச்சடைக்கிறது அல்லவா? எலும்பைப் பார்த்து வந்த பயம் கொஞ்சம்தான். மூச்சு விட அங்கே காற்றில்லை என்று கண் முதலிலேயே சொல்லிவிடுகிறது. வானத்தில் புகையையும் தரையில் காற்றின்மையையும் சேர்த்து வைத்திருக்கிறான். இரண்டும் ஓர் உலகத்தில் ஒன்றாக இருக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தைக் கட்டி நிறுத்தத்தானே கற்பனை!

இனி வலது பக்கக் கரிக்கட்டைகள். நீங்கள் காடு என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். ஓர் அளவுகோல் எடுத்து வைத்துப் பாருங்கள். கட்டைகள் வரிசையாகப் போகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி தூரம் போகப் போகச் சீராகக் குறைகிறது. காட்டு மரம் இப்படி அணிவகுத்து வளராது. யாரோ கயிறு பிடித்து, குழி வெட்டி நட்ட மரங்கள் இவை.

இங்கே எனக்கு ஒரு செய்யுள் ஞாபகம் வந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடந்து போகும் வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். போக வேண்டிய பாதையைச் சொல்லும்போது, கோடைக் கொடுமையில் நிலம் என்ன ஆயிற்று என்று சொல்கிறான்:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

தமிழாசிரியர்கள் இதை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. பாலை என்று பிறந்த நிலம் ஒன்று இல்லை. காடாகவோ மலையாகவோ இருந்த நிலம் தன் நல்லியல்பை இழந்து, வருகிறவரை நடுங்கவைக்கும் ஓர் உருவத்தைப் பூண்டுகொள்கிறது. தொல்காப்பியத்திலும் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நான்கு நிலங்களுக்குத்தான் தெய்வம் சொல்லியிருக்கிறது. பாலைக்குப் பொழுது உண்டு, வேனிலும் நண்பகலும். தனக்கென்று மண் கிடையாது. ஆகவே பாழ்நிலம் ஒன்றை வரைந்து என் முன் வைத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, இது பாழாவதற்கு முன் என்னவாக இருந்தது என்பதுதான். எல்லாம் தொடக்கத்திலிருந்தே பாழ் என்று வரைந்திருந்தால் அது வெறும் மேடை அலங்காரம். என்னவோ இருந்தது, போய்விட்டது என்று தெரிந்தால் அது நிலம்.

உங்கள் மகனின் படத்தில் அது ஒரு தோட்டமாக இருந்தது. வரிசை பிடித்து நட்ட தோட்டம்.

நான் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது பழைய பால்மரங்களைச் சாய்த்து எரித்தார்கள், மறுநடவுக்காக. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கணுக்கால் வரை சாம்பல். நேற்றுவரை நிழலாக இருந்த இடத்தில் கறுத்த அடிக்கட்டைகள், வரிசை மாறாமல். அந்த வரிசைதான் எனக்குப் பயமாக இருந்தது. மரம் போய்விட்டது, ஒழுங்கு மட்டும் நிற்கிறது. உங்கள் மகன் அதைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் செம்பனையை வெட்டிச் சாய்த்து வீடு கட்ட மண்ணைக் கிளறிப் போட்டிருப்பதை நெடுஞ்சாலையில் போகிற எந்தப் பிள்ளையும் பார்த்திருக்கும்.

கடைசியாக அந்த மனிதன். சிலுவை என்று எழுதியிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால் தோள்மேல் குறுக்காக ஒரு கோடு, அதன் இரண்டு முனையிலும் மிகச் சின்னதாக இரண்டு புள்ளிகள் தொங்குகின்றன. சிலுவையில் ஏது புள்ளி? எனக்கு அது காண்டா கம்பு. இரண்டு பக்கமும் வாளி மாட்டிப் பால் சுமந்துவரும் கம்பு. என் அப்பாவின் தோளில் காய்த்துப்போயிருந்த இடத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பால் நிறைந்த வாளி தொங்கினால் கம்பு வளையும். தம்பி வரைந்த கோடு நேராக இருக்கிறது.

இந்த இடத்தில் நான் நிதானமாக எழுத வேண்டும். துணியில் இருப்பது ஒரு நேர்க்கோடும் இரண்டு புள்ளியும்தான். காண்டா கம்பு என் வீட்டிலிருந்து வந்தது. நீங்கள் பார்த்த சிலுவை உங்கள் பயத்திலிருந்து வந்தது. மச்சாண்டார் பார்த்த தரித்திரம் அவர் கேட்டு வளர்ந்த பேச்சிலிருந்து வந்தது. தம்பி ஏதோ ஒரு விளையாட்டில் வரும் ஆயுதத்தைக்கூட வரைந்திருக்கலாம். ஓவியத்துக்கு அர்த்தம் சொல்கிறவர்கள் படத்தில் இருப்பதையும் பார்ப்பவர் கொண்டுவருவதையும் பிரித்துச் சொல்வதில்லை என்பது எனக்கு வெகுநாள் வருத்தம். கட்டைகள் வரிசையில் இருக்கின்றன என்பதை யார் வந்து அளந்தாலும் ஒப்புக்கொள்வார்கள். காண்டா என்பதற்கு நான் மட்டுமே சாட்சி.

ஆனாலும் ஒன்று. ஜெர்மனியில் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் என்ற ஓவியர் 1823-24-இல் பனிக்கடல் ஒன்றை வரைந்தார். கட்டடம் இடிந்ததுபோல் பனிப்பாளங்கள் குவிந்து கிடக்கின்றன. ஓரத்தில் கவிழ்ந்த கப்பலின் பின்பாகம், கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். அவர் உயிரோடு இருந்தவரை அதை யாரும் வாங்கவில்லை. இப்போது ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வடதுருவத்தை அவர் கண்ணால் கண்டதே இல்லை. தான் வாழ்ந்த டிரெஸ்டன் நகரத்து எல்பா ஆற்றில் குளிர்காலத்தில் மிதந்துவந்த பனித்துண்டுகளை வரைந்து வைத்திருந்தார், அவற்றைக் கொண்டுதான் துருவத்தையே கட்டினார். அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது தம்பி பனி உடைந்து தண்ணீரில் மூழ்கி இறந்துபோனான். அந்த இழப்பைத்தான் வரைந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். ஆனால் எவ்வளவு தூரத்து உலகத்தை வரைந்தாலும் கைக்கு எட்டிய மண்ணைக் குழைத்துத்தான் வரைய முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் கடிதத்தில் அரை வரியில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் அப்பா நாற்காலி இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. அவர் என்ன வேலை செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரைப் படத்தின் முன் மறுபடி உட்காரவையுங்கள், பேரனையும் பக்கத்தில் இருத்துங்கள். நீங்கள் காப்பி கலக்க உள்ளே போய்விடுங்கள். மகனிடம் "என்ன அர்த்தம்?" என்று கேட்டால் "சும்மா" என்றுதான் பதில் வரும். "அந்த ஆள் எங்கேயிருந்து வர்றான், எங்கே போறான்?" என்று கேட்டுப் பாருங்கள். படத்துக்குள் நுழைகிற கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

தலைப்பு இல்லாதது குறையே இல்லை. போலந்தில் பெக்சின்ஸ்கி என்று ஒருவர் (1929–2005) இதைப்போன்ற பாழ் உலகங்களையே வரைந்தார், எதற்கும் தலைப்பு வைக்கவில்லை, விளக்கமும் சொல்ல மறுத்தார்.

தரித்திரம் பற்றி: பெரியவரிடம் வாதாட வேண்டாம். பூசை அறைக்கு எதிரே மாட்டாமல் கூடத்தின் பக்கச் சுவரில் மாட்டுங்கள், அவர் மனமும் நோகாது. ஆனால் மாட்டுங்கள். மூன்று வார உழைப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினால் பையனுக்குப் போய்ச் சேரும் செய்தி வேறு.

* * *

கேள்வி: தமிழ் ஓவியம் என்றால் வயல், கோயில், நடனம், நீர் எடுக்கும் பெண் என்று பார்த்துப் பழகியவன் நான். இன்றைய இளைஞர்கள் அழிந்துபோன நகரம், சிவப்புக் கிரகம், எலும்புக்காடு என்று வரைகிறார்கள். இது மேல்நாட்டு ருசி இல்லையா? அழகில்லாததை ஏன் வரைய வேண்டும்?
ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, கலிங்கத்துப்பரணியை எடுத்து 'காடு பாடியது' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் செயங்கொண்டார் காளி கோயிலைச் சுற்றியுள்ள காட்டை வர்ணிக்கிறார். பொரிந்த காரை, கரிந்த சூரை, புகைந்த வீரை, எரிந்த வேய் என்று ஒவ்வொரு செடிக்கும் வெவ்வேறு சாவு கொடுக்கிறார். ஒன்று பொரிகிறது, ஒன்று கரிகிறது, ஒன்று புகைகிறது. எல்லாம் காய்ந்துபோயின என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் நமக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. என் மாணவர்களிடம் இதைத்தான் சொல்வேன், ஒரே பழுப்பு நிறத்தை அள்ளிப் பூசாதே, எது எப்படிச் செத்தது என்று பார்த்து வரை என்று.

அதே பகுதியில் இன்னொரு காட்சி வருகிறது. அந்தக் காட்டில் நிழலே இல்லை. தரை பிளந்து வாய் திறந்து கிடக்கிறது. சூரியன் தன் கதிர்க்கைகளை ஒவ்வொரு பிளவுக்குள்ளும் விட்டுத் துழாவுகிறானாம், தன் சாயை எந்த வழியாகப் போனாள் என்று. சாயை என்றால் நிழல், சூரியனின் மனைவி பெயரும் அதுதான். மனைவியைத் தொலைத்துவிட்டு மண்ணில் கைவிட்டுத் தேடுகிற சூரியன்! வெயில் கொடுமையைச் சொல்ல வந்த கவி, வெயிலுக்கே ஒரு துக்கத்தைக் கொடுத்துவிட்டார். இதை மேல்நாட்டு ருசி என்று எப்படிச் சொல்வேன்?

நம் நாட்டுத் தமிழருக்கு இன்னொரு பாலையும் உண்டு. 1942, 43-இல் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். பச்சைப் பசேலென்ற காடு, மழை, மூங்கில், ஆறு. வண்ணம் தீட்டினால் அழகான இயற்கைக் காட்சி. அங்கே போனவர்களுக்கு அதுதான் நரகம். பகையான நிலம் என்றால் வறண்டிருக்க வேண்டும் என்பதே நம் கண்ணின் பழக்கம்தான். பச்சை நிறத்தால் பயமுறுத்தத் தெரிந்த ஓர் இளைஞன் நம்மிடையே வந்து அந்தக் காட்டை வரைய மாட்டானா என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்தவர்கள் வரையவில்லை, பலர் பேசவும் இல்லை.

சிவப்புக் கிரகம் போன்ற வேற்றுலகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. செஸ்லி போன்ஸ்டெல் என்ற அமெரிக்கர் 1944-இல், சனியைச் சுற்றும் டைட்டன் நிலவில் நின்று அந்தச் சனிக்கிரகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைந்தார். பனி படிந்த பாறைகளுக்கு நடுவே நீல வானத்தில் சனி மிதக்கிறது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற கலம் அங்கே போய் இறங்கிப் படம் அனுப்பியது. வானம் முழுக்கச் செம்மஞ்சள் மூட்டம், தரையில் வழவழப்பான உருண்டைப் பனிக்கற்கள். வானத்தின் நிறம் தப்பிப்போனது. ஆனாலும் அந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் விண்வெளியில் காலூன்றி நிற்கும் இடங்கள் உண்டு என்று ஒரு தலைமுறையே ஆசைப்பட்டது. அழகில்லாததை ஏன் வரைய வேண்டும் என்று கேட்டீர்கள். மனிதன் நிற்க முடியாத இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்த வேறு வழி இல்லை, அதனால்தான்.

* * *

கேள்வி: நான் வாங்கிய ஓர் ஓவியத்தின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஆயர் ஈத்தாம்

பதில்: நம் பினாங்குக் காற்றின் ஈரம் அப்படி. சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், சுவருக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓடட்டும். குளியலறைக்குப் பின்புறச் சுவர் வேண்டவே வேண்டாம். காய்ந்த மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துப் பின்புறத்தைத் தட்டிவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். முன்புறத்தில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், ஈரத்துணியும் கூடாது.

* * *

கேள்வி: டீச்சர், எனக்கு 14 வயது. யாரும் இல்லாத, பயங்கரமான ஓர் உலகத்தை வரைய ஆசை. வரைந்தால் காலியான பழுப்புத் திடல் மாதிரிதான் வருகிறது. எப்படிப் பயங்கரமாக்குவது?
மாணவி, குளுகோர்

பதில்: கண்ணு, காலியான திடல் பயங்கரமாக இருக்காது. ஒருவர் இருந்துவிட்டுப் போன இடம்தான் பயங்கரம். திறந்து கிடக்கும் ஒரு கதவு, பாதியில் நின்ற ஒரு படிக்கட்டு, இப்படி ஏதாவது ஒன்றை வை. ஒன்று போதும். இரண்டு வைத்தால் கண் இரண்டுக்கும் நடுவே ஓடி விளையாட ஆரம்பித்துவிடும்.

அடிவானத்தை எங்கே கிழிக்கிறாய் என்று யோசி. தாளின் அடியில் கிழித்தால் வானம் தலைமேல் அழுத்தும். மேலே கிழித்தால் தரை முடிவில்லாமல் நீளும். நடுவில் மட்டும் வேண்டாம், அங்கே இரண்டும் சமாதானமாகப் போய்விடும். மனிதனை நிறுத்தினால் அவன் கண் அடிவானத்துக்கு நேராக வருகிறதா என்று பார். நேராக வந்தால் நாமும் அவனோடு அந்தத் தரையில் நிற்கிறோம். அடிவானம் அவன் தலைக்கு மேலே போனால் நாம் ஏதோ மேட்டிலிருந்து அவனைப் பார்க்கிறோம். அப்போது உன் படத்தைப் பார்க்கிறவருக்கு, நான் எதன் மேல் நிற்கிறேன் என்று ஒரு கலக்கம் வரும். அதை நீ விளக்க வேண்டியதில்லை.

கறுப்பைக் குப்பியிலிருந்து எடுக்காதே. பர்ன்ட் அம்பர் பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்து பார், சூடான கறுப்பும் குளிர்ந்த கறுப்பும் உன் கையிலேயே கிடைக்கும்.

பாறைக்கும் பட்டுப்போன காட்டுக்கும் ஒரு வழி சொல்கிறேன். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் போர்க்காலத்தில், 1940-லிருந்து 42 வரை, மழைக்குப் பின் ஐரோப்பா என்று ஓர் அழிந்த நிலத்தை வரைந்தார். ஈரமான வண்ணத்தின் மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி, வெடுக்கென்று எடுத்தால் பவளம் மாதிரி, நரம்பு மாதிரி, அழுகிய பஞ்சு மாதிரி வடிவங்கள் தானாக வரும். அவற்றுக்குள் உருவங்களைத் தேடித் தேடி வரைந்தார். உனக்குக் கண்ணாடி வேண்டாம், கை வெட்டிக்கொள்வாய். பழைய கோப்பின் பிளாஸ்டிக் உறையை வெட்டிக்கொள். வண்ணம் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். பத்துத் தடவை அழுத்தினால் ஒன்றிரண்டுதான் தேறும். தேறாததை எறியாதே, அடுத்த வாரம் தலைகீழாகத் திருப்பிப் பார்.

வரைந்ததும் எனக்கு அனுப்பு. தபாலில் போடுவதாக இருந்தால் மடிக்க வேண்டாம், சுருட்டு. வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டு, உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடித்துவிடும்.